வலி இல்லாத ஊரில் வீடு கொடுத்தால் குடிபோவீர்களா?

#1 நாலுரோடு வாசகன்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குக் குரல் பதிவு போட்டும் தீராததால் இங்கே கொண்டுவருகிறேன்.

எடுத்துக்கொண்ட நாவல் லோயிஸ் லோரி 1993இல் எழுதிய ‘தி கிவர்’. மறு வருடமே அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் வாங்கியது. சிறுவர் புத்தகம்தானே, ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று எடுத்தவர்கள் எல்லாம் முகம் வெளிறி வந்து உட்கார்ந்தார்கள்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சேர்த்துத்தான் பேசப்போகிறோம், வேண்டாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஒரு ஊர். பசி இல்லை, சண்டை இல்லை, வேலையில்லாதவர் இல்லை. யாருக்கு யார் துணை என்பதைப் பெரியவர்கள் குழு ஒன்று பார்த்து முடிவு செய்யும். வீட்டுக்கு இரண்டு பிள்ளை, ஒரு பையன், ஒரு பெண். பெற்றுக்கொள்வது இல்லை, விண்ணப்பம் போட்டு வாங்குவது. பெற்றுத் தருவதற்கென்றே தனியாகப் பெண்கள் இருக்கிறார்கள். மூன்று பிரசவம் முடிந்ததும் அவர்கள் உடலுழைப்பு வேலைக்குப் போய்விட வேண்டும். ஒன்பது வயதில் எல்லோருக்கும் சைக்கிள். பன்னிரண்டு வயதில் எல்லோருக்கும் வேலை ஒதுக்கீடு. உடம்பில் ஆசை தலைகாட்டியதும் தினமும் காலையில் ஒரு மாத்திரை, கிழடாகும் வரை. நிறம் கிடையாது, இசை கிடையாது, தாத்தா பாட்டி கிடையாது.

பழைய உலகத்தின் நினைவுகளை எல்லாம் ஒரே ஒரு கிழவர் சுமக்கிறார். போர், பட்டினி, பனி, வெயில், காதல், எல்லாம் அவர் தலையில். ஊர் எதிலாவது மாட்டிக்கொண்டால் அவரிடம் யோசனை கேட்கும். அவருக்கு அடுத்த ஆளாக ஜோனாஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிழவர் அவன் முதுகில் கைவைத்து நினைவுகளை ஒவ்வொன்றாக இறக்குகிறார். அதற்கு அப்புறம் அவன் அந்த ஊரில் பழையபடி இருக்க முடியுமா?

என் கேள்வி இதுதான். அந்த ஊரில் உங்களுக்கு ஒரு வீடு ஒதுக்குகிறார்கள். சாவியை வாங்குவீர்களா? வட்டத்தில் பாதிப் பேர் வாங்குவோம் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

#2 தட்டுவடை செட்

தட்டுவடைக்கு நடுவில் வைக்கும் பீட்ரூட்டும் கேரட்டும் அந்த ஊரில் ஒரே நிறத்தில் இருக்குமா? அப்படியென்றால் என் தொழிலே படுத்துவிடும். நான் வரவில்லை.

#3 கொலுசுப்பட்டறை

நான் வாங்குவேன். வட்டத்தில் சாவி வாங்கும் கட்சியில் இருந்தவன்தான் நான். அங்கே நாலு பேர் முன்னால் பேச வரவில்லை, எழுதினால் வரும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை. கண்ணி கோர்ப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது ஒரு வீடு என்று தெருவே சேர்ந்து ஒரு ஜோடி கொலுசு செய்யும். வெள்ளி விலை ஏறினால் கடைக்காரர் ஆர்டரை நிறுத்திவிடுவார். அன்றைக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன உணர்ச்சி ஓடுகிறது என்று இலக்கியம் பேசுகிறவர்கள் வந்து பார்க்கலாம். என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இருந்த தனிமனித சுதந்திரம் என்ன தெரியுமா? இந்த மாதம் மருந்து வாங்குவதா, வட்டி கட்டுவதா என்று அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

நாவலில் முதியோர் இல்லத்தில் ஜோனாஸ் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டுகிறான். எவ்வளவு பதமாகச் செய்கிறான்! எங்கள் பாட்டியைக் குளிப்பாட்ட ஆள் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

துணையைக் குழு முடிவு செய்வதைப் பெரிய கொடுமை என்கிறீர்கள். நம் ஊரில் யார் முடிவு செய்கிறார்களாம்? தரகர், ஜாதகம், சாதி, எத்தனை பவுன். அந்தக் குழுவாவது இரண்டு பேருடைய குணத்தையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுச் சேர்க்கிறது. சுதந்திரம் சுதந்திரம் என்பதெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் பேச்சு.

#4 மலைக்காப்பி

பட்டறைக்காரரே, உங்கள் பேச்சில் பாதிக்கு எனக்குப் பதில் இல்லை. ஆனால் என்னை உலுக்கியது வேறு இடம்.

அந்த ஊரில் மலை கிடையாது. ஒரு காலத்தில் இருந்ததாம், எடுத்துவிட்டார்களாம். ஏன் என்று ஜோனாஸ் கேட்கிறான். மேட்டில் லாரியும் பஸ்ஸும் வேகம் குறைந்துபோகின்றன, சரக்கு கொண்டுபோவது சிரமம் என்கிறார் கிழவர். பனி பெய்தால் பயிர் வளராது, அதனால் பனியும் இல்லை.

நான் ஏற்காட்டுக்காரன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் எங்களுக்கு எல்லாம் வர வேண்டும். சிமெண்ட் மூட்டையானாலும் தக்காளியானாலும் மேலே வந்து சேரும்போது ஏற்றுகூலியும் கூடவே ஏறிவரும். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டு, குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளாகப் பார்த்து, இந்த மலையைத் தட்டையாக்கிவிடலாமா என்று வாக்கெடுப்பு வைத்தால் என்ன ஆகும்? ஜெயித்துவிடும். நானே போட்டாலும் போடுவேன். எனக்குப் பயமே அதுதான். அந்த ஊரை யாரும் துப்பாக்கி காட்டிக் கட்டியதாக நாவலில் இல்லை. மலை வேண்டாம், பனி வேண்டாம், நிறத்தால் வரும் வேற்றுமை வேண்டாம் என்று ஒவ்வொன்றும் அன்றைக்கு நியாயமான கோரிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் நிறம். ஜோனாஸ் முதலில் பார்ப்பது சிவப்பு. ஒரு ஆப்பிளில் பார்க்கிறான், பிறகு ஃபியோனா என்ற தோழியின் தலைமுடியில். கார்த்திகை, மார்கழியில் எங்கள் தோட்டத்துக்குக் காப்பிப் பழம் பறிக்க வருகிறவர்களின் பிழைப்பே அந்தச் சிவப்பை நம்பித்தான் இருக்கிறது. ஒரே கொத்தில் பச்சைக் காயும், மஞ்சள் திரும்பியதும், செக்கச்செவேல் என்று பழுத்ததும், கறுத்து வற்றியதும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். கிளையை வளைத்து இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வரிசைக்காரியோடு வாயும் ஓயாமல், பார்த்தும் பார்க்காமலும் சிவந்ததை மட்டும் விரல் திருகி எடுக்கும். கூடையில் காய் விழுந்தால் காப்பி துவர்க்கும், மேஸ்திரி விட மாட்டார். ஊரே சாம்பல் நிறம் என்றால் கிளையை மொத்தமாக உருவித் தள்ள வேண்டியதுதான். நிறம் போனால் அழகு போய்விடும் என்றுதான் எல்லோரும் வருத்தப்படுகிறோம். இதில் யார் கெட்டிக்காரி என்ற பேச்சும், அவளுக்குக் கிடைக்கும் மரியாதையும் சேர்ந்துதான் போகும்.

ஜோனாஸ் இதைக் குழந்தைத்தனமாகக் கேட்கிறான். காலையில் எழுந்து நீலச் சட்டை போடுவதா, சிவப்புச் சட்டை போடுவதா என்று நானே முடிவு செய்யக் கூடாதா? ஆனால் அடுத்த நிமிடமே, துணையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் என்ன ஆவது என்று அவனே பயந்துபோகிறான். ஆசை முளைத்த இடத்திலேயே பயமும் முளைக்கிறது பாருங்கள். லோரி கெட்டிக்காரி.

#5 கடைசி பெஞ்ச்

நான் அந்த ஊரில் இருந்திருக்கிறேன்.

பேர் வேண்டாம். நம் பக்கத்தில் விடுதியோடு சேர்ந்த மேல்நிலைப் பள்ளி. பிளஸ் டூ. இருட்டோடு மணி அடிக்கும். சாப்பாடு, குளியல், கழிவறை எல்லாம் அட்டவணைப்படி. பையன்களும் பெண்களும் பேசிக்கொண்டால் வீட்டுக்குப் போன் போகும். பிராய்லர் பள்ளி என்று ஊரில் கேலியும் பேசுவார்கள், பிள்ளையைச் சேர்க்க வரிசையிலும் நிற்பார்கள்.

நான் சொல்ல வந்தது அதை இல்லை. அதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம், நமக்கு எதிரில் நிற்பது யார் என்று தெளிவாகத் தெரியும். பாதி வருடத்தில் புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள். ராத்திரிப் படிப்பு முடிந்ததும் பத்துப் பத்துப் பேராக வராண்டாவில் வட்டமாக உட்கார வைப்பார்கள். இன்றைக்கு மனதில் என்ன இருந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். காப்பாளர் நோட்டில் குறித்துக்கொள்வார். அவர் கெட்ட மனிதர் இல்லை, நிஜமாகவே அக்கறை உள்ளவர். வீட்டு ஞாபகம் என்று சொன்னால் தலையைத் தடவிக்கொடுப்பார். ஒரு பையன், ‘ஒன்றும் இல்லை சார்’ என்றான். அவர் விடவில்லை. ‘ஏதாவது இருக்கும்டா, யோசித்துப் பார்.’ அவன் தரையில் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டே யோசித்தான். கடைசியில், அம்மா தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் தனக்குப் பணம் கட்டினார் என்பதைச் சொன்னான். மறுநாள் மெஸ் வரிசையில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

கொஞ்ச நாளில் நாங்கள் தேறிவிட்டோம். ‘கணக்கு என்றால் பயமாக இருந்தது சார், இப்போது தைரியம் வந்துவிட்டது.’ இந்த மாதிரி ஆளுக்கு நாலு தயாராக வைத்திருந்தோம். அவருக்கும் சந்தோஷம்.

நாவலில் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒவ்வொரு குடும்பமும் இதைத்தானே செய்கிறது! ஜோனாஸின் தங்கை லில்லி, விளையாட்டுத் திடலில் வரிசையை மதிக்காத ஒரு பையன்மேல் வந்த கோபத்தைச் சொல்கிறாள். அப்பாவும் அம்மாவும் இதமாக நாலு கேள்வி கேட்கிறார்கள், கோபம் காணாமல் போகிறது. காலையில் கனவைச் சொல்ல வேண்டும். ஜோனாஸ் ஃபியோனா வந்த கனவைச் சொன்னான், கையில் மாத்திரை வந்தது. உணர்ச்சிகளை அடக்கிவைத்த ஊர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மனதில் இருப்பதையெல்லாம் பேசச் சொல்லிக் கறந்துவிடுகிற ஊர் அது.

#6 மட்டுறுத்துநர்

நல்ல வேளையாகப் பள்ளியின் பெயரைச் சொல்லாமல் விட்டீர்கள். மற்றவர்களும் ஊகித்து எழுத வேண்டாம். அந்தப் பள்ளியா என்று கேட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

#7 நாலுரோடு வாசகன்

கடைசி பெஞ்ச், இந்தப் பக்கத்தை வட்டத்தில் ஒருவரும் தொடவில்லை. உங்கள் பதிவைப் படித்ததும் ஜோனாஸுக்குப் பயிற்சி தொடங்கும்போது கொடுக்கும் விதித்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மொத்தம் எட்டு விதி. யாரிடமும் எதையும் கேட்கலாம், மரியாதைக் குறைவு ஆகாது. பயிற்சியைப் பற்றி வெளியே பேசக் கூடாது. கனவை இனிமேல் யாரிடமும் சொல்லக் கூடாது. பயிற்சியால் வரும் வலிக்கு மருந்து கேட்கக் கூடாது. எட்டாவது: நீ பொய் சொல்லலாம்.

அந்தக் கடைசி வரியில் பையனுக்கு உள்ளே ஏதோ நழுவுகிறது. ஊரில் எல்லோருடைய தாளிலும் இதே வரி இருந்திருந்தால்? இதுவரைக்கும் பெரியவர்கள் எனக்குச் சொன்னதெல்லாம்?

இத்தனை நாளும் நான் இப்படித்தான் நினைத்திருந்தேன்: ஜோனாஸுக்கு நினைவுகள் கிடைத்தன, அதனால் உணர்ச்சி வந்தது, அதனால் விடுதலை தேடினான். இப்போது வரிசை மாறித் தெரிகிறது. நினைவு ஒன்றுகூட வந்து சேர்வதற்கு முன்பே, யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ள அவனுக்கு ஒரு மூலை கிடைத்துவிட்டது. மற்ற வீடுகளில் ஊர் அறிவிப்பு வரும் ஒலிபெருக்கியை நிறுத்த வழியே இல்லை, கிழவர் வீட்டில் மட்டும் அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு என்று லோரி எழுதியதும் சும்மா இல்லை.

நாம் முகம் வாடி வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பார், ‘என்னடா ஆச்சு?’ ‘ஒன்றும் இல்லை’ என்போம். பொய் என்று அவருக்கும் தெரியும். காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த ஊரில் அந்த அம்மா விதியை மீறியவர் ஆகிவிடுவார்.

#8 தமிழாசிரியை, ஓய்வு

இத்தனை பேர் பேசியும் கம்பரை ஒருவரும் இழுக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலகாண்டம், நாட்டுப் படலம். கோசல நாட்டில் வள்ளல்தன்மை இல்லையாம், ஏனென்றால் வறுமை இல்லை. வலிமையைக் காட்ட வாய்ப்பு இல்லை, எதிர்த்து நிற்கப் பகைவர் இல்லை. உண்மை என்று ஒன்று தனியாகத் தெரிவதில்லை, பொய் பேசுகிறவர் இல்லாததால். வகுப்பில் இதை நாட்டின் சிறப்பு என்றுதான் நடத்தினேன். சிறப்புதான், கம்பர் மனதாரப் புகழ்கிறார்.

ஆனால் பாருங்கள், அந்த நாட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு அவரால் காவியத்தை நகர்த்த முடியவில்லை. கைகேயி வாய் திறந்து வரம் கேட்க வேண்டியிருக்கிறது. சொன்ன சொல் தவறாமல் இருப்பது என்றால் என்ன என்று தசரதன் உயிரை விட்டபோதுதான் நமக்கு உறைக்கிறது. கொடுப்பது என்றால் என்ன என்று தெரிவது, கங்கைக் கரையில் தேனும் மீனும் தூக்கிக்கொண்டு குகன் வரும்போது. வலிமைக்கு இலங்கை வரை போக வேண்டும். நாட்டுப் படலத்தில் ‘இல்லை’ என்று பட்டியல் போட்டாரே, அந்த ஒவ்வொன்றையும் காட்டில்தான் தேடி எடுக்கிறார்.

தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாட்டை, அதாவது உடம்பில் வெளிப்படும் எட்டு உணர்ச்சிகளை வைத்து ஜோனாஸின் ஊரை அளந்து பார்த்தேன். நகை, அதாவது சிரிப்பு, கொஞ்சம் தேறுகிறது. வெகுளி என்ற கோபம், கடைசி பெஞ்ச் தம்பி சொன்னது போல, சாப்பாட்டு மேசையிலேயே கரைந்துவிடுகிறது. அச்சம் இருக்கிறது, விதியை மீறிவிடுவோமோ என்ற அளவில். பெருமிதத்துக்குத்தான் ஒரு வழியும் இல்லை. கல்வி, தறுகண் என்ற அஞ்சாமை, புகழ், கொடை என்ற நான்கிலிருந்து பெருமிதம் பிறக்கும் என்பார் அவர். அந்த ஊரில் தன்னைப் பற்றிப் பெருமை பேசுவதே தப்பு, ஒருவரிடம் இருக்கும் வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டுவதும் தப்பு. கொடை எங்கிருந்து வரும்? எல்லோருக்கும் எல்லாம் அளந்து கொடுத்தாயிற்று.

#9 கொலுசுப்பட்டறை

டீச்சர், நீங்கள் சொன்ன கம்பர் அருமை. ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. நாடு விட்டுக் காட்டுக்குப் போனவர் ராஜா வீட்டுப் பிள்ளை, பதினான்கு வருடம் கழித்துத் திரும்பிவர அவருக்கு அரண்மனை இருந்தது. குகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், கோசலத்துக்குள் எனக்கும் ஒரு வீடு கிடைக்குமா என்றுதான் கேட்டிருப்பான்.

மற்றவர்களுக்கு வள்ளல்தன்மை வளர வேண்டும் என்பதற்காக நாங்கள் இல்லாதவர்களாகவே இருக்க வேண்டுமா?

#10 தமிழாசிரியை, ஓய்வு

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. கம்பரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

#11 இரவுப்பணி

நான் செவிலியர். பிரசவ வார்டில் நிறைய வருடம் இருந்தவள் என்பதால் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. வயிற்றைக் கலக்கும் விஷயம், மன்னிக்கவும்.

பட்டறை அண்ணா, நீங்கள் சொன்ன அந்த ஊரில் பசி ஏன் இல்லை தெரியுமா? தலையை எண்ணி வைத்திருக்கிறார்கள். கூடுதலாக ஒரு தலை வந்தால் ‘விடுவிப்பு’. ஜோனாஸின் அப்பா குழந்தைகளை வளர்க்கும் நிலையத்தில் வேலை செய்கிறார். ஒரே மாதிரி இரட்டைக் குழந்தை பிறந்துவிட்டது, அந்த ஊரில் இரண்டு பேர் ஒரே முகத்தோடு இருக்கக் கூடாது. தராசில் வைத்துப் பார்க்கிறார். எடை கூடிய குழந்தை உள்ளே போகிறது. எடை குறைந்ததற்கு நெற்றி நரம்பில் ஊசி. கொஞ்சிக்கொண்டே போடுகிறார். அப்புறம் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துச் சுவரில் இருக்கும் துவாரத்தில் தள்ளிவிட்டு, டாட்டா சொல்கிறார். ஜோனாஸ் இதை வீடியோ பதிவில் பார்க்கிறான். பச்சைக் குழந்தைக்குத் தலையில் நரம்பு தேடி ஊசி போடுவது எங்களுக்குப் பழகிய வேலை, டிரிப்ஸ் ஏற்ற அப்படித்தான் போடுவோம். அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொண்டது.

இதை எங்கோ வெளிநாட்டுக் கற்பனை என்று நம் மாவட்டத்துக்காரர்கள் சொல்ல முடியாது. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் அரசு முதன்முதலில் தொடங்கியது சேலத்தில்தான். ஏன் இங்கே தொடங்கினார்கள் என்று இந்த இழையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கள்ளிப்பால் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். லோரியின் நாவல் வந்தது அதற்கு மறு வருடம்.

நான் வித்தியாசம் பார்ப்பது ஒரே இடத்தில். இங்கே இரண்டாவது, மூன்றாவது பெண் என்று தெரிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அழுவார்கள். மாமியார் அழுவார், புருஷன் வார்டுப் பக்கமே வர மாட்டான். அவர்கள் பயம் வரதட்சணைப் பயம், நிஜமான பயம். அழுகிறவர்களிடம் போய் உட்காரலாம். பிள்ளையை எடுத்து மார்பில் போட்டு, கொஞ்சம் பால் குடிக்கட்டும் அம்மா என்று சொல்லலாம். குடித்துவிட்டால் நிறைய நேரம் கதை மாறிவிடும். ஜோனாஸின் அப்பாவிடம் எங்கே போய் உட்காருவது? அவர் அழவே இல்லையே. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் தன் உணர்ச்சியைப் பகிர்ந்துகொள்வார், அதில் இது வராது.

ஸ்கேன் மையங்களில் எல்லாம் கருவின் பாலினத்தைச் சொல்ல மாட்டோம் என்று போர்டு இருக்கிறது, 1994 சட்டப்படி. அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, ஒரு சின்னக் குறிப்பாவது கொடுங்கள் மேடம் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. படித்தவர்கள், சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஜோனாஸின் அப்பாவை ஞாபகப்படுத்துகிறது.

#12 கடைசி பெஞ்ச்

அக்கா, படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இருந்தாலும் ஜோனாஸ் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. அவன் ஊரைவிட்டு வெளியேறினால் அவனிடம் உள்ள நினைவுகள் எல்லாம் ஊர்க்காரர்கள்மேல் போய் விழும், அவனுக்கே தெரியும். பத்து வருடத்துக்கு முன் ரோஸ்மேரி என்ற பெண்ணுக்கு நடந்தது அதுதான். ஐந்து வாரம்தான் பயிற்சி எடுத்திருந்தாள், விடுவிப்பு கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளிடமிருந்து திரும்பி வந்த கொஞ்ச நினைவுகளுக்கே ஊர் ஆடிப்போனது. இப்போது ஒரு வருடத்துக்கான நினைவுகள். ஒரு கிழவரும் ஒரு பையனும் அறைக்குள் உட்கார்ந்து, ஊருக்கு இதுதான் நல்லது என்று முடிவு செய்கிறார்கள். பெரியவர்கள் குழு செய்ததும் இதுதானே? யாரைக் கேட்டார்கள்?

#13 இரவுப்பணி

தம்பி, அந்தத் திட்டமெல்லாம் போட்டது உண்மை. ஆனால் அவன் கிளம்பியது திட்டப்படி இல்லை. வீட்டில் வைத்து வளர்த்த கேபிரியேல் என்ற குழந்தை ராத்திரியில் சரியாகத் தூங்குவதில்லை என்பதற்காக மறுநாள் காலையில் விடுவிக்கப்போகிறார்கள் என்று அப்பா சாப்பாட்டு மேசையில் சொல்கிறார். அன்றைக்கு இரவே ஓடுகிறான். அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டது எதற்கு? அதில்தான் பின்னால் குழந்தை இருக்கை இருந்தது. ஊரைக் கேட்டுவிட்டு வர அவனுக்கு நேரம் இல்லை.

#14 மலைக்காப்பி

அக்காவின் பதிவுக்குப் பிறகு இதை எழுதுவது சரியா என்று யோசித்தேன். சரி, பேச்சு தொடரட்டும்.

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்டு’, 1932இல் வந்தது. லோரியின் ஊருக்குத் தலைகீழ் மாதிரி இருக்கும். இங்கே மாத்திரை ஆசையைக் கொல்கிறது, அங்கே ஆசைக்குத் தடையே இல்லை. வருத்தம் எட்டிப்பார்த்தால் சோமா என்ற மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். கருவிலேயே வகுப்பு பிரித்து, ஒரே முட்டையிலிருந்து 96 பேர் வரைக்கும் அச்சு எடுத்துவிடுகிறார்கள், எல்லோருக்கும் தன் வகுப்பே உசத்தி என்று தூக்கத்தில் பாடம். முக்கியமாக, தனிமையில் இருப்பது அங்கேயும் சந்தேகத்துக்குரிய பழக்கம். கடைசி பெஞ்ச் சொன்னது அந்த ஊருக்கும் பொருந்துகிறது.

பலரும் அதில் ஜான் என்பவன் துன்பப்படும் உரிமை வேண்டும் என்று வாதாடுவதைத்தான் சொல்வார்கள். அவன் தூக்கில் தொங்கிச் சாகிறான், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தவன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். நாடு கடத்தப் போகிறோம், எந்தத் தீவு வேண்டும் என்று ஆட்சியாளர் கேட்கிறார். நல்ல மோசமான தட்பவெப்பம் உள்ள தீவாகக் கொடுங்கள், காற்றும் புயலும் இருந்தால்தான் நன்றாக எழுத வரும் என்கிறான். ஃபாக்லண்ட் தீவு கிடைக்கிறது. ஐப்பசியில் எங்கள் ஏற்காட்டு லேடீஸ் சீட் முனையில் நின்றால் கீழே சேலமும் தெரியாது, பக்கத்தில் நிற்பவரும் தெரியாது. அவனை அங்கே கூட்டிப்போக எனக்கு ஆசை. போர்வையும் அட்டைப்பூச்சிக்கு உப்பும் நான் தருவேன்.

#15 தட்டுவடை செட்

மொத்த இழையையும் படித்தேன், வியாபாரம் கெட்டது. ஒரே ஒரு சந்தேகம். கடைசியில் அந்தப் பையனும் குழந்தையும் பிழைத்தார்களா, செத்தார்களா? பனியில் சறுக்கிக்கொண்டு போகிறார்கள், விளக்கு தெரிகிறது, பாட்டுச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று முடித்துவிட்டார். படமும் பார்த்தேன், 2014இல் வந்தது. கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வருவது நன்றாக இருந்தது, மற்றபடி அதில் பையன் வளர்ந்துவிட்டான்.

#16 நாலுரோடு வாசகன்

பிழைத்தார்கள். 2004இல் லோரி எழுதிய ‘மெசஞ்சர்’ நாவலில் ஜோனாஸ் ஒரு கிராமத்துக்குத் தலைவனாக இருக்கிறான். 2012இல் வந்த ‘சன்’ கேபிரியேலைப் பெற்ற தாயின் கதை.

#17 தமிழாசிரியை, ஓய்வு

அவற்றைப் படிக்க வேண்டாம் என்பது என் கட்சி. குளிரில் விறைத்து, செத்துப்போகும் நேரத்தில் கண்ட கனவா, நிஜமான வீடா என்று நானே முடிவு செய்துகொள்ள முதல் நாவல் இடம் விட்டிருந்தது. பின்னால் வந்து ஆசிரியரே பதிலை ஒதுக்கீடு செய்தது எனக்குப் பிடிக்கவில்லை.

#18 கொலுசுப்பட்டறை

எனக்குப் பிடிக்கும் டீச்சர். பிழைத்தான் என்று யாராவது உறுதியாகச் சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

செவிலியர் அக்கா எழுதியதைப் பட்டறையில் உட்கார்ந்துதான் படித்தேன். எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். சாவி விஷயத்தில் என் முடிவு மாறிவிட்டதா என்று வட்டத்து நண்பர்கள் போனில் கேட்கிறார்கள். முழுக்க மாறவில்லை. எங்கள் அம்மாவுக்கு அந்த ஊர் முதியோர் இல்லத்தில் ஓர் இடம் கிடைத்தால், கடைசியில் என்ன செய்வார்கள் என்று தெரியாத வரைக்கும், இன்றைக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். தெரிந்துவிட்டதே, அதுதான் தொல்லை. என் இரண்டாவது பெண் பிறந்தபோது எடை குறைவு. அந்த ஊரில் அவளை எந்தப் பக்கம் வைத்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பெரியவள் ஒன்பதாவது. புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன், படித்துக்கொண்டிருக்கிறாள். எதுவரைக்கும் வந்திருக்கிறாய், எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முடித்துவிட்டுச் சொல்கிறேன் அப்பா, சும்மா சும்மா கேட்காதீர்கள் என்றாள். கேட்பதை நிறுத்திவிட்டேன்.